படம் எடுப்போம், பார்க்கப் பழகுவோம்



நான் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியை. ஐந்தாம் ஆண்டில் எனக்குப் பதினோரு பிள்ளைகள். ஒரு நாள் அவர்களிடம், "நீங்கள் வாழும் இடத்தைக் காட்டும் படம் ஒன்றை வீட்டிலுள்ளவர்களின் கைத்தொலைபேசியிலிருந்து கொண்டுவாருங்கள், அதைப் பார்த்துக் கட்டுரை எழுதலாம்" என்று சொன்னேன். மறுநாள் படங்கள் வந்தன. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் மூன்று. பத்துமலை முருகன் சிலை நான்கு. பிறந்தநாள் கேக் இரண்டு. மாமா புதிதாக வாங்கிய கார் ஒன்று. ஒரு பையன் மட்டும் வெறுங்கையோடு வந்தான். ஏனப்பா என்று கேட்டேன். "நம்ம தோட்டத்துல எடுக்க என்னா டீச்சர் இருக்கு? செம்பனையும் கித்தாவுந்தானே!" என்றான்.

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் தாயார் பால்மரம் வெட்டியவர். இருபத்தேழு வருடம் வெட்டினார். 2016ஆம் ஆண்டு அவர் காலமானபோது, மாலை போட்டு வைப்பதற்கு ஒரு படம் தேடினோம். அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் பட்டணத்து ஸ்டூடியோவில், திரையில் எழுதிய அருவிக்கு முன்னால் அப்பாவோடு நின்று எடுத்த படம் ஒன்று இருந்தது. அவ்வளவுதான். அவர் வாழ்நாளில் பார்த்தேயிராத அருவி படத்தில் இருக்கிறது. தினமும் விடியற்காலையில் நடந்த நிரை படத்தில் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு சுருள் பிலிமில் 36 படம். பிலிமுக்கும் காசு, கழுவுவதற்கும் காசு. அதைக் கொண்டுபோய் மரத்துக்குச் செலவழிப்பவர் யார்? அப்பா அம்மாவை நான் குறை சொல்லவில்லை. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போய் ஒட்டுப்பால் உரித்தவள்தான் நானும். அந்த மரப்பட்டை என்ன நிறம் என்று இன்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அதைத்தான் நான் குறை என்கிறேன். கண் இருந்தது, பார்க்கவில்லை.

ஆகவே அந்தப் பையனோடு சேர்ந்து நானும் பாடம் படிப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் மைலோ டின்னிலிருந்து தொடங்கினோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த செய்முறை இது. வீட்டிலும் செய்து பார்க்கலாம். காலி டின்னின் அடிப்பாகத்தில் நடுவே சிறிய ஆணியால் ஒரு துளை போடுங்கள். திறந்த வாயில் எண்ணெய் தடவிய மெல்லிய தாளை இழுத்து ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். துளையை வெயில் விழும் பக்கம் திருப்பி, உங்கள் தலையையும் தாள் உள்ள பக்கத்தையும் கம்பளியால் மூடிக்கொண்டு பாருங்கள். தாளில் வெளியே உள்ள மரம் தலைகீழாகத் தெரியும்; காற்றில் அசையக்கூடச் செய்யும். ஒளி நேர்க்கோட்டில் செல்வது. மர உச்சியிலிருந்து வரும் ஒளி துளை வழியே கீழே விழுகிறது. அடிமரத்திலிருந்து வரும் ஒளி மேலே விழுகிறது. அதனால்தான் தலைகீழ். படப்பெட்டியின் அடிப்படை முழுவதும் இவ்வளவுதான். துளையில் ஒரு கண்ணாடி வில்லையும், தாள் இருக்கும் இடத்தில் ஒளியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு பொருளும் வைத்தால் அது காமிரா ஆகிவிடுகிறது.

அப்படிப் பிடித்து வைத்ததில் இன்றைக்கும் அழியாமல் இருக்கும் மிகப் பழைய படம் எது தெரியுமா? பிரான்ஸ் நாட்டில் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827ஆம் ஆண்டில் எடுத்தது. தார் போன்ற ஒரு பொருளைத் தகட்டில் பூசி, பெட்டிக்குள் வைத்து, வீட்டு மாடிச் சன்னலோரம் விட்டுவிட்டார். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒளி விழுந்திருக்க வேண்டும். பல நாள் விழுந்திருக்கும் என்று கணக்கிடுவோரும் உண்டு. அந்தப் படத்தில் கட்டடங்களின் இரண்டு பக்கச் சுவரிலும் வெயில் அடித்திருக்கிறது. சூரியன் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போகும் வரை பெட்டி பார்த்துக்கொண்டே இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அந்தப் படத்தில் இருப்பது அரசனுமில்லை, அரண்மனையுமில்லை. சன்னலுக்கு வெளியே தெரிந்த கூரைகளும் முற்றமும்தான். என் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது அந்தப் பையன், "அப்படீன்னா நம்ம லயத்துக் கொல்லைப்புறத்தையும் எடுக்கலாம்" என்றான்.

நம்மவர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். 1912இல் பிறந்தவர். சென்னையில் வாழ்ந்தவர். யானைகளைக் காட்டுக்குப் போய்க் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் புகழ் பெற்றார். தானே பாகங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய காமிரா ஒன்று வைத்திருந்தார். அதற்கு வேடிக்கையாக ஒரு பெயரும் வைத்திருந்தார். 1950 முதல் 1996இல் மறையும் வரை கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்தார், தமிழிலும் எழுதினார். யானையையும் காட்டெருமையையும் பார்த்தவர், தம் வீட்டைச் சுற்றித் திரியும் காக்கை, அணில் முதலியவற்றைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுதினார். அணில்தானே என்று அவர் ஒதுக்கவில்லை. எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான்.

சரி, எங்கள் வகுப்புக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு ஒரு விதி வைத்தேன். அப்பா அல்லது அம்மாவின் கைத்தொலைபேசியில், அவர்கள் அனுமதியோடு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு படம். அதுவும் லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் இருக்கும் ஏதாவது ஒன்று. எடுப்பதற்கு முன் அந்தப் பொருளை ஐந்து நிமிடமாவது சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எடுத்த படத்தோடு ஒரு கேள்வியும் கொண்டுவர வேண்டும். இதற்கு இணையம் வேண்டாம், காசு வேண்டாம். கண்ணாடி விரிசல் விட்ட பழைய கைத்தொலைபேசியே போதும்.

ஏன் ஒரே ஒரு படம் என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார். நூறு படம் எடுத்தாலும் காசா பணமா என்றார். நியாயமான கேள்விதான். நூறு எடுக்கலாம் என்று தெரிந்தால் கண் சோம்பேறியாகிவிடுகிறது. காமிரா பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறது. இது என் ஊகம் மட்டுமில்லை. அமெரிக்காவில் லிண்டா ஹென்கல் என்ற உளவியல் பேராசிரியை, மாணவர்களை அரும்பொருளகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்று சோதித்தார். 2014ஆம் ஆண்டில் அந்த ஆய்வு வெளியானது. சில பொருள்களைச் சும்மா பார்க்கச் சொன்னார். சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். முழுதாகப் படம் எடுத்த பொருள்களை மாணவர்கள் பிறகு குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். ஆனால், பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக்கி எடுத்தபோது அந்த மறதி ஏற்படவில்லை. கவனியுங்கள்: எதை எடுப்பது என்று மனம் தேடித் தெரிந்துகொள்ளும்போது நினைவு தங்குகிறது, விரல் மட்டும் அழுத்தும்போது தங்குவதில்லை.

2017இல் வெளிவந்த வேறோர் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. தாங்களே விரும்பிப் படம் எடுப்பவர்கள் கண்ணால் கண்டதை நன்றாக நினைவு வைத்திருந்தார்கள்; காதால் கேட்டதைச் சற்று மறந்தார்கள். அதனால், காலையில் முராய் பாடினால் கைத்தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். குண்டுக்கரிச்சான் என்று தமிழ்நாட்டில் சொல்வார்களே, அதே குருவிதான். அதன் பாட்டைப் படம் பிடிக்க முடியாது.

இரண்டாம் வாரத்தில் ஒரு பெண் பிள்ளை கொண்டுவந்த படத்தை நான் மறக்கமாட்டேன். செம்பனை ஆண் பூவை மிக அருகில் போய் எடுத்திருந்தாள். விரல் விரலாக நிற்குமே, அந்தப் பூ. அதன்மேல் கறுப்பாக எள் சிதறியதுபோல் புள்ளிகள். "இது அழுக்கா டீச்சர்?" என்பது அவள் கேள்வி. படத்தைப் பெரிதாக்கினோம். புள்ளிகளுக்குக் கால் இருந்தது, நீண்ட மூக்கு இருந்தது. ஏறக்குறைய மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள மூக்கு வண்டுகள் அவை.

இந்த வண்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். மரம் வந்தது, அதன் பூவுக்கு உதவும் வண்டு வரவில்லை. ஆகையால் நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் மகரந்தத்தை மனிதரே சேர்க்க வேண்டியிருந்தது. ஆண் பூவின் தூளைச் சேர்த்து, மாவுபோன்ற பொடியோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின்மேல் ஊதிவிட வேண்டும். உங்கள் வீட்டுப் பாட்டிமாரில் இந்த வேலை செய்தவர்கள் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். சையத் என்ற பூச்சியியல் அறிஞர் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டுக்குப் போய் ஆராய்ந்து, இந்த வண்டுதான் அங்கே அந்த வேலையைச் செய்கிறது என்று கண்டார். 1981இல் அதை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். ஆண் பூவில் சோம்பு வாசனை வரும். அதை மோந்து வண்டு வருகிறது, அங்கேயே முட்டையிட்டுப் பெருகுகிறது. பெண் பூ மலரும்போதும் அதே வாசனையை வெளியிடுகிறது. வண்டு ஏமாந்து அங்கேயும் போகிறது. போகும்போது உடம்பில் ஒட்டிய தூளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. குலை காய்ப்பதற்கு அதுவே காரணம். அந்தப் பெண்ணின் தகப்பனார் குலை அறுக்கும் வேலை செய்பவர். அன்று மாலை வீட்டுக்குப் போய், "அப்பா, உங்களுக்கு முன்னாலேயே ஒருத்தர் வேலை பார்த்துட்டுப் போயிடுறாரு" என்று சொன்னாளாம்.

மற்றொரு பையன் தோட்டத்துச் சாலையோரம் இருக்கும் மஞ்சள் பூவைக் காலை ஏழு மணிக்குப் பார்த்துவைத்துவிட்டு, மத்தியானம் பள்ளி விட்டுப் போகும்போது எடுக்கலாம் என்று போயிருக்கிறான். பூ மூடிக்கொண்டிருந்தது. யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று கோபத்தோடு வந்தான். டர்னெரா என்ற செடி அது. காலையில் மலர்ந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்வது அதன் வழக்கம். நிர்வாகம் அதை அழகுக்காக நட்டு வைக்கவில்லை. செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழு இருக்கிறதல்லவா, அந்தப் புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிகளுக்கு இந்தச் செடியின் தேன்தான் சாப்பாடு. தினம் அந்த வழியாகத்தான் நானும் மோட்டார் சைக்கிளில் வருகிறேன். பூ மூடுவதை அந்தப் பையன் சொல்லித்தான் கவனித்தேன்.

இனிப் பால்மரத்துக்கு வருவோம். எங்கள் தோட்டத்தில் பெரும்பகுதி செம்பனைதான். பழைய பால்மரக் காடு ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அதன் இலை பழுத்துச் சிவப்பும் செம்மஞ்சளுமாகி உதிரும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். தரையெல்லாம் இலை, காலை வெயில் குறுக்கே விழும்போது காடே பற்றி எரிவதுபோல் இருக்கும். நான் ஆவலோடு ஒரு படம் எடுத்து, வெட்டு வேலை செய்யும் ஓர் அம்மாளிடம் காட்டினேன். பிள்ளைகளில் ஒருவனுடைய பாட்டி அவர். அவர் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் படம் டீச்சர், எனக்குச் சம்பளத்துல குறைச்சல்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இலையுதிர்வில் பால் குறையும். பால் குறைந்தால் கூலி குறையும். மரத்தை நம்பி வாழ்கிறவருக்கு அந்தச் சிவப்பு, கடைக்காரரிடம் கடன் சொல்ல வேண்டிய மாதத்தின் நிறம். இயற்கைக்கு நன்றி சொல்லுங்கள் என்று மற்றவர்களுக்கு உபதேசம் செய்வது எளிது. நன்றி என்றால் கிடைத்த கூலியில் வாய் மூடி இரு என்று யாராவது பொருள் சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். கூலிக் கணக்கு வேறு கணக்கு. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத்தான் வேண்டும். மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்குக் குங்குமம் வைக்கிறோமே, அது நமக்குப் பால் கொடுத்தது, ஏர் இழுத்தது என்று ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொள்கிறோம். நான் சொல்லும் நன்றியும் அந்த வகையைச் சேர்ந்ததே. யார் யாருடைய உழைப்பில் நம் நாள் நகர்கிறது என்று அறிந்திருப்பது. அதில் வண்டும் உண்டு, பட்டையும் உண்டு, பாட்டியும் உண்டு.

அந்தப் பாட்டியின் பேரன் யார் என்று ஊகித்திருப்பீர்கள். எடுக்க ஒன்றுமில்லை என்று சொன்ன அதே பையன். அவன் பாட்டியோடு காட்டுக்குப் போய், வெட்டுப் பட்டையைத் தினம் ஒரு மரமாக எடுக்கத் தொடங்கினான். ஆறேழு படம் சேர்ந்ததும் ஒரு கேள்வி கொண்டுவந்தான்: "எல்லா மரத்துலயும் கோடு இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே. மாத்தி ஒண்ணுகூட இல்ல. ஏன் டீச்சர்?"

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எனக்குத் தோன்றாத கேள்வி அது. தேடிப் படித்துத்தான் சொன்னேன். பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் செங்குத்தாக இல்லை. கீழிருந்து மேலே போகப் போக வலப்பக்கம் இலேசாகச் சாய்ந்திருக்கின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். அதிகப் பால் இறங்கும். விடியுமுன் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறினால் இலை வழியாக நீர் ஆவியாகி, பால்குழாயின் அழுத்தம் குறைந்துவிடும். மரத்தைச் சாகடிக்காமல், பட்டையை மெல்லச் சீவி, அதே வெட்டை மறுபடி மறுபடி திறக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைவராக 1888 முதல் இருந்த ரிட்லி உருவாக்கினார். ஆனால் அந்தக் கத்தியைப் பிடித்த கைகள் நம்முடையவை. பட்டைக்கு உள்ளே உயிர்ப்படலத்துக்கு மேல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விட்டு, தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு காலையில் ஐந்நூறு மரம். கவனிப்பு என்றால் என்ன என்று நான் அந்தப் பாட்டிக்குப் பாடம் எடுக்கப் போனேன் என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

படம் எடுக்க விரும்பும் பிள்ளைகளுக்குச் சில கைவேலைக் குறிப்புகளைச் சொல்லிவிடுகிறேன். கைத்தொலைபேசிக் கண்ணாடியில் மாவும் எண்ணெயும் படிந்திருக்கும். முதலில் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். சிறு பூவை நின்றபடி மேலிருந்து எடுக்காதீர்கள். மண்டி போட்டுப் பூவின் மட்டத்துக்குப் போங்கள். விரலால் பெரிதாக்குவதைவிடக் காலால் நெருங்குவது நல்லது. திரையில் எந்த இடம் தெளிவாக வேண்டுமோ அந்த இடத்தைத் தொடுங்கள். விடியற்காலையில் ஒளி குறைவு. காமிரா அதிக நேரம் திறந்திருந்துதான் ஒளியைச் சேர்க்கும். அந்த நேரத்தில் கை ஆடினால் படம் கலங்கும். மரத்தில் தோளைச் சாய்த்துக்கொண்டு மூச்சை அடக்கி அழுத்துங்கள். சிலந்தி வலையைப் பனி உலருமுன், சூரியனைப் பார்த்த பக்கம் நின்று எடுத்தால் ஒவ்வொரு துளியும் தெரியும். எலி பிடிப்பதற்காகத் தோட்டத்தில் ஆந்தைப் பெட்டி வைத்திருந்தால் அதற்குள் வெளிச்சம் அடிக்க வேண்டாம். படத்துக்காகக் கூட்டைப் பிரிப்பதோ கிளையை ஒடிப்பதோ கூடவே கூடாது. பெரியவர்கள் துணையில்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். பாம்புக்கு உங்கள் படத்தின் மீது அக்கறை இல்லை.

கதையை விட்ட இடத்துக்கு வருகிறேன். அந்தப் பழைய பால்மரக் காட்டை அழித்து மறுநடவு செய்யப்போவதாக அறிவிப்பு வந்தது. மரங்கள் வயதானவை, தோட்டங்களில் இது நடப்பதுதான். பையன் எடுத்த படங்களில் பத்தைப் பட்டணத்துக் கடையில் அச்சிட்டுப் பள்ளிச் சுவரில் ஒட்டினோம். பெற்றோர் கூட்டத்தன்று அவன் பாட்டி வந்தார். மற்றவர்கள் எல்லாம் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அவர் நகரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்துக்கும் கிட்டே போனார். "இது நான் வெட்டினது. இந்தா, இந்த முடிச்சு, இது நான் இல்ல, எனக்கு மேலுக்கு முடியாம இருந்தப்ப புது ஆள் ஒருத்தன் ஆழமா இறக்கிட்டான். பட்டை எப்படிப் புடைச்சுக்கிட்டு வந்திருக்கு பாருங்க. இது ரெண்டாம் பட்டை. இந்த மரம் மழை பெய்ஞ்சா சொல்பேச்சுக் கேக்காது, மங்குக்கு வெளியே வழிஞ்சிரும்." நாங்கள் வெறும் பட்டையாகப் பார்த்ததை அவர் புத்தகம்போல் வாசித்துக்கொண்டே போனார். பத்துப் படத்துக்கும் அப்படிச் சொன்னார். சுற்றி நின்ற தகப்பன்மார்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நான் ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டேன்.

கடைசிப் படம் வரை பார்த்துவிட்டுப் பேரனைக் கூப்பிட்டார். "ஏண்டா, பதினாறாம் நிரையில ஓடை ஓரம் கடைசி மரம் எங்கடா? அதுதானே எனக்கு நெறைய ஊத்தினது. அதை எடுக்காம விட்டுட்டியே" என்றார்.

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு, பாட்டியின் தலைவிளக்குக்குப் பின்னால், அம்மாவின் கைத்தொலைபேசியோடு அவனும் கிளம்பிப் போனானாம். பள்ளிக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்தான். நான் ஏனென்று கேட்கவில்லை.